ஜிஓஜி: ஆள் குறைத்தால் என் கேம்கள் என்ன ஆகும்?

எங்கள் பழைய பிரவுசிங் சென்டர் கூட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பாதிப் பேர் துபாயிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், மீதிப் பேர் பாளையங்கோட்டையிலேயே. பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் வரும். 2025 டிசம்பர் கடைசி வாரத்தில் ஒருவன் திடீரென்று கேட்டான்: "ஏல, ஜிஓஜிய வித்துட்டானுவளாமே. நம்ம கேம் எல்லாம் போச்சா?"

2019இல் அங்கே ஆட்களை வேலையை விட்டு எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தபோதும் அவன்தான் இதைக் கேட்டான். 2021இல் நஷ்டக் கணக்கு வெளிவந்தபோதும் அவனேதான். இரண்டு முறையும் "ஒண்ணும் ஆகாது, பேசாம இரு" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். அந்தப் பதில் பாதிதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. பதின்மூன்று வருடமாக அந்தக் கடையில் வாங்குகிறவன் நான், கணக்கில் 143 கேம் இருக்கிறது. அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஜிஓஜி இணையத்தில் கம்ப்யூட்டர் கேம் விற்கும் போலந்து நாட்டுக் கடை, வார்சாவில் இருக்கிறது. 'விட்சர்', 'சைபர்பங்க் 2077' கேம்களை உருவாக்கிய சிடி ப்ராஜெக்ட் குழுமம் 2008இல் ஆரம்பித்தது. அப்போது முழுப் பெயர் 'குட் ஓல்ட் கேம்ஸ்'. பெயருக்கேற்ப பழைய கேம்களைத்தான் விற்றார்கள். 2012இல் பெயரைச் சுருக்கிக்கொண்டு புதிய கேம்களையும் விற்க ஆரம்பித்தார்கள்.

மற்ற கடைகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய ஒன்று. பூட்டு கிடையாது. மற்ற இடங்களில் பெரும்பாலும் வாங்கிய கேமைத் திறக்க அந்தக் கடையின் மென்பொருள் ஓட வேண்டும், நம் அக்கவுண்ட் உயிரோடு இருக்க வேண்டும். இங்கே இன்ஸ்டாலரை அப்படியே ஃபைலாகக் கொடுத்துவிடுகிறார்கள். கேம் பெரிதாக இருந்தால் ஒரு செட்டப் ஃபைலும் கூடவே நாலு ஜிபி அளவில் வெட்டிய துண்டுகளும் வரும். ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்துக்கொண்டால், இணையமே இல்லாத கம்ப்யூட்டரில்கூட இன்ஸ்டால் செய்து விளையாடலாம். 'கேலக்ஸி' என்று அவர்களுக்கும் ஒரு மென்பொருள் இருக்கிறது. வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், ஒருவரை எதிர்த்து ஒருவர் ஆடும் சில கேம்களுக்கு மட்டும் அது கட்டாயம் தேவைப்படும்.

இதன் அருமை எனக்குப் பட்டுத் தெரிந்தது. இங்கே வருவதற்கு முன் வேறொரு கடையில் எட்டு கேம் வாங்கியிருந்தேன். பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கடையே இல்லை. முதலில் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால் இரண்டு நாளில் வந்துகொண்டிருந்த பதில் இரண்டு வாரமானது. அப்புறம் பதில் வருவதே நின்றது. அப்புறம் தள்ளுபடி அறிவிப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது, அதை அனுப்ப ஆள் வேண்டாம் போலிருக்கிறது. ஒரு நாள் லாகின் பக்கமே திறக்கவில்லை. எட்டு கேமும் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. ஆனால் திறந்தால் "சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று நின்றுவிடும். நகையை நம்மிடம் கொடுத்துவிட்டுச் சாவியை மட்டும் கடைக்காரர் வைத்துக்கொண்ட கதை.

அதிலிருந்து எந்தக் கடையில் ஆள் குறைப்பு என்றாலும் என் காது விடைத்துக்கொள்கிறது. கேம் உலகில் அதற்குப் பஞ்சமில்லை. 'ஃபோர்ட்நைட்' கேமை உருவாக்கிய எபிக் நிறுவனம் 2023 செப்டம்பரில் ஒரே அறிவிப்பில் சுமார் 830 பேரை அனுப்பியது, மொத்த ஆட்களில் அது 16 சதவீதம். ஜிஓஜியில் நடந்தது அதன் பக்கத்திலேயே வராது. 2019 பிப்ரவரியில் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் போனார்கள். முந்தைய அக்டோபரிலிருந்து சில குழுக்களை மாற்றி அமைத்து வருகிறோம், அதே காலத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்களைப் புதிதாகச் சேர்த்திருக்கிறோம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது.

விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவைவிட விலை அதிகமாக வைக்கப்பட்ட நாடுகளில், அந்த வித்தியாசத்தை வாடிக்கையாளரின் கடைக் கணக்கில் திருப்பி வரவு வைக்கும் ஏற்பாடு ஒன்றை ஜிஓஜி தன் கைக்காசில் நடத்தி வந்தது. சராசரியாக கேம் விலையில் 12 சதவீதம், சில கேம்களில் 37 சதவீதம் வரை திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதை 2019 மார்ச் 31ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். கேம் தயாரிப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பங்கு கூடிவிட்டது, கட்டுப்படியாகவில்லை என்பது காரணம். ஆளும் குறைகிறது, சலுகையும் போகிறது என்றால் வாடிக்கையாளன் கூட்டிக் கழித்துப் பார்க்கத்தான் செய்வான். அடுத்து 2021இல் கடை நஷ்டத்தில் ஓடுவதாகக் கணக்கு வந்தது. இனி எல்லாவற்றையும் விற்கப் போவதில்லை, தேர்ந்தெடுத்த கேம்களிலேயே கவனம் வைப்போம் என்று நிர்வாகம் சொன்னது.

இங்கே என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். நான் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டர். 2023இல் எங்கள் டீமில் பதினோரு பேர் இருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மீட்டிங்குக்குக் கூப்பிட்டு "ரீஅலைன்மென்ட்" என்றார்கள். மத்தியானம் நாலு பேர் இருந்தார்கள், அந்த நாலில் நான் இல்லை. மறு வேலை கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அதனால் "குழுக்களை மாற்றி அமைக்கிறோம்" என்ற வாக்கியத்தை எந்த நாட்டுக் கம்பெனி சொன்னாலும் எனக்கு வயிற்றில் ஏதோ பிசையும். தொழில்முறையாக இன்னொன்றும் தெரியும். டெவலப்பரை எடுத்தால் அடுத்த மாதமே தெரிந்துவிடும். டெஸ்டரை எடுத்தால் ஆறு மாதம் யாருக்கும் தெரியாது, எல்லாம் நன்றாக ஓடுவது போலவே இருக்கும்.

ஜிஓஜி விஷயத்தில் நான் கவலைப்பட வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

பழைய கேமை விற்பது என்றால் சிடியில் இருந்ததை எடுத்து இணையத்தில் ஏற்றிவிடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எத்தனை வேலை! விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து கேம் இன்றைய விண்டோஸில் நேரடியாக ஓடாது. பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மாதிரியான மென்பொருளை உள்ளே வைத்து, அந்த ஒரு கேமுக்கு ஏற்றபடி அமைப்புகளைத் திருத்தித் தர வேண்டும். அன்றைய பிராசசர் வேகத்தை நம்பி எழுதிய கேம்கள் இன்று தறிகெட்டு ஓடும், மனிதர்கள் சார்லி சாப்ளின் படத்தில் வருவது போல நடப்பார்கள். சிடி உள்ளே இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை நீக்க வேண்டும். இசை சிடியின் ஆடியோ டிராக்கில் இருந்திருக்கும், அதைப் பிரித்து வேறு வடிவில் சேர்க்க வேண்டும். பழைய திரை அளவுக்குப் போட்ட படத்தைப் புதிய அகலத் திரைக்குப் பொருத்த வேண்டும். அப்புறம் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை யாராவது உட்கார்ந்து ஆடிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எட்டாவது கட்டத்தில் மட்டும் உடையும் கேம்கள் உண்டு. இது அச்சு அசல் டெஸ்டிங் வேலை.

இதெல்லாம் உரிமை கிடைத்த பிறகு. உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனிக் கதை. 'சிஸ்டம் ஷாக் 2' உருவாக்கிய நிறுவனம் 2000இலேயே மூடிவிட்டது. உரிமை கடைசியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. நைட்டைவ் என்ற சின்ன நிறுவனம் அதைத் தேடிப் பிடித்த பிறகுதான் 2013இல் அந்த கேம் ஜிஓஜிக்கு வந்தது. ஒரு உரிமையாளரைத் தேட துப்பறிவாளரையே அமர்த்தியதாக ஜிஓஜி ஆட்களே சொல்லியிருக்கிறார்கள். வில்லங்கச் சான்றிதழ் எடுத்துத் தாத்தா சொத்தைத் தேடியவர்களுக்கு இந்த வலி புரியும்.

இப்போது நண்பனின் கேள்விக்கு வருகிறேன். நான் பத்திரமாக எடுத்து வைத்த இன்ஸ்டாலரை யாரும் பறிக்க முடியாது. கடை மூடினாலும் அது ஓடும், ஆனால் எந்த விண்டோஸுக்காகச் சரிசெய்தார்களோ அந்த விண்டோஸில் ஓடும். கடை மாறாவிட்டாலும் மைக்ரோசாஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர் மாறிக்கொண்டே இருக்கிறது. சென்ற வருடம் விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கியதும் 2014இல் எடுத்து வைத்திருந்த ஒரு இன்ஸ்டாலரைப் போட்டுப் பார்த்தேன். கேம் ஆரம்பித்ததும் திரை கறுப்பாகவே நின்றது. என் சோம்பேறித்தனம்தான் காரணம், பதினோரு வருடமாக அந்த ஃபைலைப் புதுப்பிக்கவே இல்லை. என் கணக்குக்குள் போய்ப் பார்த்தால் அதே கேமுக்குப் புதிய இன்ஸ்டாலர் இருந்தது. இறக்கிப் போட்டேன், ஓடியது. நடுவில் யாரோ ஒருவர் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துச் சரிசெய்திருக்கிறார். வார்சாவில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆளுக்கு வேலை இருக்கிற வரைக்கும்தான் என் 143 கேமும் உயிரோடு இருக்கும். மற்ற கடைகளில் ஆள் குறைந்தால் கடை திறந்திருக்குமா என்று பயம். இங்கே கடை திறந்தே இருந்து, இந்த ஆள் மட்டும் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் என் பயம்.

அதனால்தான் 2024 நவம்பரில் அவர்கள் ஆரம்பித்த பாதுகாப்புத் திட்டத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். முதலில் 100 கேம்கள். உருவாக்கியவர் கைவிட்டாலும் இவற்றை இன்றைய, நாளைய கம்ப்யூட்டர்களில் ஓட வைப்பது எங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3' அதில் இருக்கிறது, என் தூக்கத்தைக் கெடுத்த முதல் எதிரி. அடுத்த மாதமே சோதனையும் வந்தது. பழைய 'வார்கிராஃப்ட்' கேம்கள் இரண்டையும் உரிமையாளர் கடையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார். விற்பனை நின்றது. ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் கேம்கள் இருக்கும், அவற்றைத் தொடர்ந்து ஓட வைக்கும் வேலையும் நடக்கும் என்று ஜிஓஜி அறிவித்தது. சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அந்த இடத்தில் கடைமேல் எனக்கு மரியாதை கூடியது.

எல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. 2020 டிசம்பரில், சீன அதிபரைக் கேலி செய்ததாகச் சர்ச்சையில் சிக்கிய 'டிவோஷன்' என்ற தைவான் கேமை விற்கப் போவதாகக் காலையில் சொல்லிவிட்டு அன்றைக்கே பின்வாங்கினார்கள். கேமர்கள் பலர் எழுதியதால் என்று காரணம் சொன்னார்கள். சீனாவுக்குப் பயந்தார்கள் என்றுதான் பலரும் எடுத்துக்கொண்டார்கள், நானும். 2016இல் வெளிவந்த 'ஹிட்மேன்' கேமை 2021இல் விற்க ஆரம்பித்தபோது அதன் சில பகுதிகளுக்கு இணைய இணைப்பு தேவைப்பட்டது. பூட்டில்லாத கடை என்று பலகை மாட்டிவிட்டு இதென்ன என்று வாடிக்கையாளர்கள் பிடித்துக் கிழித்ததும் அதை எடுத்துவிட்டார்கள். கிளவுடில், அதாவது அவர்களுடைய சர்வரில், சேமிக்கும் சேவ் ஃபைல்களுக்கு 2024இல் கேம் ஒன்றுக்கு 200 எம்பி என்று வரம்பு வைத்தார்கள். பெரிய கம்பெனிகளின் புது கேம்கள் பல இங்கே வருவதே இல்லை, வந்தாலும் வருடம் கழித்து வரும். புத்தம் புது கேம் வெளியான அன்றே ஆட வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது. ரூபாயில் விலை போடுவதில்லை. டாலரில் வாங்கும்போது கார்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு கடி கடிப்பார். சரி, ஒரு நல்லது: வாங்கி, இறக்கி, ஆடிப் பார்த்த பிறகும் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஃபைலையே கையில் கொடுத்துவிட்டு இப்படி ஒரு சலுகையும் கொடுக்க நெஞ்சழுத்தம் வேண்டும்.

கடை மூடும் பயத்தை அவர்களே ஒரு தடவை விளையாட்டாகக் கிளப்பியதும் உண்டு. 2010 செப்டம்பரில் தளத்தை மூடிவிட்டு, இனி இந்த வடிவில் நடத்த முடியாது என்று ஒரு அறிவிப்பை மட்டும் தொங்கவிட்டார்கள். வாங்கியவர்கள் பதறிப்போனார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் புதிய தளத்துக்கான விளம்பர உத்தி. நிர்வாகிகள் துறவிகள் போல அங்கி அணிந்து வந்து மன்னிப்புக் கேட்டார்கள். நான் அப்போது வாடிக்கையாளன் இல்லை. இருந்திருந்தால் அந்த அங்கியோடு காசிக்கே போகச் சொல்லியிருப்பேன்.

இப்போதைய கைமாற்றம் பற்றி. வாங்கியவர் மிஹாவ் கிச்சின்ஸ்கி. 1994இல் மார்ச்சின் இவின்ஸ்கியோடு சேர்ந்து சிடி ப்ராஜெக்டைத் தொடங்கியவர், ஜிஓஜியின் ஆரம்பத்திலும் இருந்தவர். விலை சுமார் 9.07 கோடி போலந்து ஸ்லாட்டி. பூட்டில்லாத கொள்கை தொடரும், நம் கணக்குகளில் மாற்றம் இல்லை, சிடி ப்ராஜெக்ட் கேம்கள் இங்கேயும் தொடர்ந்து வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். பெரிய குழுமத்தின் காலாண்டு அறிக்கையில் ஒரு ஓரத்து வரியாக இருந்ததைவிட, ஆரம்பித்தவர் கையிலேயே இருப்பது நல்லதுதான் என்று என் மனம் சொல்கிறது. ஆனால் பின்னால் விட்சர் பணம் நிற்காத கடை இது என்பதையும் அதே மனம் சொல்கிறது. நஷ்டம் வந்தால் முதலில் போவது டெஸ்டர். எனக்குத் தெரியும்.

இவர்கள்மேல் எனக்கிருக்கும் பாசத்துக்கு இன்னொரு காரணம். சிடி ப்ராஜெக்ட் ஆரம்பத்தில் வெளிநாட்டு கேம்களை போலந்தில் இறக்குமதி செய்து விற்ற கம்பெனி. அங்கே சந்தைகளில் திருட்டு சிடி மலிந்து கிடந்தது. 1999இல் 'பால்டர்ஸ் கேட்' கேமை போலிஷ் மொழியில் கொண்டுவந்தபோது, பெரிய பெட்டிக்குள் வரைபடமும் இசை சிடியும் வைத்து விற்றார்கள், திருட்டு சிடியில் கிடைக்காததைக் கொடுத்தால் மக்கள் வாங்குவார்கள் என்று. வாங்கினார்கள். அதே காலத்தில் நாங்கள் எங்கே இருந்தோம் தெரியுமா? சென்னை பர்மா பஜாரிலிருந்து யாரோ வாங்கி வந்த ஒரு சிடியை, சித்தப்பாவின் பிரவுசிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டரிலும் ஏற்றிக்கொண்டிருந்தோம். மணிக்கு இருபது ரூபாய். 'ஐஜிஐ'தான் எல்லோருக்கும். நார்வேக்காரர்கள் எழுதி 2000இல் வந்த கேம். நடுவில் சேவ் செய்யும் வசதியே கிடையாது, செத்தால் அந்தக் கட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டும். சித்தப்பாவின் வருமானத்தில் பாதி அந்த நார்வேக்காரர்களின் முடிவால் வந்தது. அவர்களுக்கு எங்களால் போனது பூஜ்யம். ஜிஓஜியில் நான் முதலில் காசு கொடுத்து வாங்கியவற்றில் ஐஜிஐயும் ஒன்று. அக்கா மகன் போன லீவில் ஆடிப் பார்த்துவிட்டு, "மாமா, சேவ் எங்க இருக்கு?" என்றான். "கிடையாதுல" என்றேன். என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேலக்ஸியில் ஒரு கிளிக்கில் இன்ஸ்டால் செய்துவிட்டு, இன்ஸ்டாலரை எடுத்து வைக்காமல் விட்டால் இந்தக் கடையில் வாங்கியதற்கு அர்த்தமே இல்லை, எங்கேயும் வாங்கலாம். பொங்கலுக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு ஒரு தடவை என் கணக்குக்குள் போய் எதெது புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து மாற்றி வைக்கிறேன். எல்லாம் சேர்ந்து ஒரு டிபிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஹார்ட் டிஸ்க் சென்னையில், இன்னொன்று பாளையங்கோட்டையில் அம்மாவின் பீரோவில், பட்டுப் புடவைக்கும் நாப்தலின் உருண்டைக்கும் நடுவில். "இதுல என்ன இருக்கு?" என்று அம்மா கேட்டதற்கு "முக்கியமான ஆபீஸ் ஃபைல்" என்று சொல்லியிருக்கிறேன்.

கிட்டத்தட்ட இதையெல்லாம் குழுவில் ஆடியோவாகப் பேசி அனுப்பினேன், ஒன்பது நிமிடம் வந்தது. நண்பன் முழுக்கக் கேட்டானா தெரியாது. பதில் மட்டும் உடனே வந்தது: "அப்போ அந்த ஹார்ட் டிஸ்க்க ஒரு காப்பி போட்டுக் குடேன்."

தள்ளுபடியில ரெண்டு டாலருக்குக்கூட வரும், காசு குடுத்து வாங்குல என்று எழுதினேன். நீல டிக் விழுந்துவிட்டது, இதுவரை பதில் இல்லை.